ஸ்டெல்லாவின் தலைப்பிரசவம்

ஓலைத்துறைக்கும் அதன் எதிரே கிடக்கும் ஆளில்லாத் தீவுக்கும் நடுவே ஓடும் கால்வாயில், கடலடியில் நின்றபடி சுழன்று சுழன்று ஊருக்கு விளக்கும் குடிதண்ணீரும் கொடுத்துவந்த ஸ்டெல்லா மாசமாக இருக்கிறாள் என்பதை முதலில் கண்டவர் சங்கு குளிக்கும் கஸ்பார். அட்டமிக்கு அட்டமி, கடலுக்குள் ஆறுபோல ஓடும் நீவாடு களைத்துக் கிடக்கும் நேரமாகப் பார்த்து முங்கி, அவள் இறக்கைகளில் பற்றியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டிவிடுவது அவர் வேலை. அன்றைக்கும் சுரண்டிவிட்டு, அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கி, வீட்டுக்குப் போய்த் தன் மனைவி ரெஜினாளிடம் மட்டும் சொன்னார். ஏனென்றால் இந்த மாதிரிச் சேதியை ஓர் ஆண்பிள்ளை நேரே பெண்ணின் தாயிடம் போய்ச் சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை. ரெஜினாள் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள், பக்கத்து வீட்டிலிருந்து சேதி ஐஸ் கம்பெனிக்கும், ஐஸ் கம்பெனியிலிருந்து கிழிந்த வலை பொத்தும் கொட்டகைக்கும், கொட்டகையிலிருந்து கோயிலுக்கும் போய், எல்லாரும் கேட்டு முடித்த பிறகுதான் கரையோரத்து மாடி அறையில் உட்கார்ந்திருந்த இஞ்சினியர் குழல்வாய்மொழியிடம் வந்து சேர்ந்தது.

"வாயைத் திறங்கம்மா," என்று சொல்லி ரெஜினாள் அவள் வாயில் ஒரு கை சீனியைப் போட்டாள். "ஸ்டெல்லா முழுகாம இருக்கா."

"இருபத்து நாலு மணி நேரமும் முழுகியே கிடக்கவளைப் போயி முழுகாம இருக்கான்னு சொல்லுதா பாரு," என்று படிக்கட்டில் நின்ற ஒருத்தி சொல்ல, மாடி முழுக்கச் சிரிப்பு. குழல்வாய்மொழி மட்டும் சிரிக்கவில்லை. வாயில் சீனி கரைவதற்குள் எழுந்துபோய் வரைபடத்தை எடுத்து விரித்தாள்.

ஸ்டெல்லா என்பது ஊர் வைத்த பெயர். குழல்வாய்மொழியின் வரைபடத்தில் அவள் கடலோட்டத்தில் சுழன்று மின்சாரம் எடுக்கும் டர்பைன், அவளுக்கு ஓர் எண்தான் உண்டு. மற்ற கடல்களில் ஓடும் டர்பைன்களின் இறக்கை கத்திபோல வழவழப்பாக இருக்கும். வேகமான நீவாட்டில் நன்றாகச் சுற்றும். ஓலைத்துறைக் கால்வாய்போலச் சாவகாசமாக நடக்கும் தண்ணீரில், கூடக் கொஞ்சம் விசை கிடைக்கட்டும் என்று இறக்கையைச் சாய்த்து வைத்தால், தண்ணீர் அதைவிட்டு விலகிப் போய்விடும், இறக்கை செத்தாற்போல நின்றுவிடும். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த, கூட்டத்தில் வாய் திறக்காத, ஓர் அளவை மறுபடி மறுபடி அளந்து பார்த்தால்தான் சோறு இறங்கும் சுபாவமுள்ள அவள், இந்தக் கரையில் ஒரு வருஷம் செத்து ஒதுங்கிய பெண் திமிங்கிலம் ஒன்றைப் பார்த்துத்தான் இதற்கு வழி கண்டாள். அந்தத் திமிங்கிலத்தின் பக்கத் துடுப்பு, ஒரு வள்ளத்தின் நீளம் இருந்தது. அதன் முன்விளிம்பு வழவழப்பாக இல்லாமல் சாத்துக்குடி அளவில் முண்டு முண்டாக இருந்தது. முண்டுக்கும் முண்டுக்கும் நடுவே தண்ணீர் சந்து சந்தாகப் பிரிந்து ஓடும், அப்படி ஓடும்போது துடுப்பை விட்டு விலகாமல் ஒட்டியே போகும். அத்தனை பெரிய உடம்பு அத்தனை சின்ன வட்டத்தில் திரும்புவது அதனால்தான். ஊரெல்லாம் நாற்றம் தாங்காமல் கதவை அடைத்துக்கொண்டிருந்தபோது அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் மண்டியிட்டு, ஒவ்வொரு முண்டையும் அளந்து, அச்சு எடுத்து, துடுப்பைப் பார்த்து மூன்று இறக்கையும், தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று அதன் வயிற்றைப் பார்த்து நடுவுடம்பும் வரைந்து, ஊரிலேயே படகு செய்யும் சிலுவையின் ஃபைபர் பட்டறையில் வார்த்து எடுத்தாள். கடலில் இறக்கிய அன்று பங்குச்சாமி புதுப்படகுக்குத் தெளிப்பதுபோலவே மந்திரித்த தண்ணீர் தெளித்தார். அன்றிலிருந்து தெருவிளக்கு எரிந்தது, உப்புத்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மெஷின் ஓடியது, லாரித் தண்ணீருக்குக் குடத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்ட பெண்கள் சண்டைக்கு வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று.

சேதி வந்த நாளிலிருந்து மசக்கை எல்லார் வீட்டுக்கும் வந்தது, ஏனென்றால் கம்பி எல்லார் வீட்டுக்கும் போயிருந்தது. காலை வேளையில் குழல்விளக்குகள் மங்கி மங்கி, ஓங்கரித்து, பிறகு தெளிந்தன. கருவாட்டுச் சட்னிக்கு மிக்சி சுற்ற மறுத்தது. அதே மிக்சியில் மாங்காயும் உப்பும் மிளகாயும் போட்டால் மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மெஷினிலிருந்து வரும் தண்ணீரில் லேசான புளிப்பு இறங்கியிருந்தது, அதைக் குடித்த ஆண்பிள்ளைகள் படகில் போகும்போது சாம்பலையும் பல்பொடியையும் யாருக்கும் தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். யாரும் மின்வாரியத்துக்குப் புகார் எழுதவில்லை. மாசமான பெண் இருக்கிற வீடு அப்படித்தான் இருக்கும் என்று, மீன் பொரிப்பதைக் கொஞ்ச நாளைக்கு விறகடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள்.

பேச்சு வந்தது வேறு இடத்தில். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஊர்க்கமிட்டி கூடியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அதெல்லாம் சரி, கலியாணமே ஆகலியே," என்றது.

கமிட்டித் தலைவர் எஸ்தாக்கி பங்குச்சாமியைப் பார்த்தார். பங்குச்சாமி தொண்டையைச் செருமினார்.

"கலியாணத்தைச் சாமிதான நடத்தி வச்சாவ?" என்றார் எஸ்தாக்கி. "அன்னைக்குத் தண்ணி தெளிச்சு, ஜெபம் சொல்லி, அவளைக் கடல் கையில பிடிச்சுக் குடுத்தது யாரு?"

"அது மந்திரிப்பு, எஸ்தாக்கி. கலியாணம் இல்ல."

"சாமி, நாங்க பிரியாணி போட்டோம், மைக் செட்டு கட்டுனோம், ரெண்டு பேரு சண்டை போட்டுச் சட்டையைக் கிழிச்சான். இதுக்கு மேல ஒரு கலியாணத்துக்கு என்ன வேணும்?"

பங்குச்சாமி கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்துவிட்டு, மாப்பிள்ளை மட்டும் கோயிலுக்கு ஒழுங்காக வருவதில்லை என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அமலோற்பவம், கடலிலிருந்து கம்பி கரையேறும் இரும்புக் குழாயின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, ஊர் முழுவதும் மூச்சைப் பிடித்து நிற்கக் கேட்டாள். "ரெண்டு துடிப்பு," என்றாள். "ஒண்ணு நிதானம், ஒண்ணு படபடப்பு." வாடைக்காற்று அடங்கிச் சோழகம் என்கிற தென்காற்று எழும்பிய மாசத்தில்தான் உண்டாகியிருக்கிறாள் என்று விரலை மடக்கி எண்ணி, ஏழாம் மாசம் வளைகாப்பு, பத்தாம் மாசம் பிள்ளை என்று சொல்லிவிட்டாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அவள் சொன்ன தேதியை யாரும் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை.

குழல்வாய்மொழி மட்டும் எண்ணவும் இல்லை, நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. கேமராவைக் கடலுக்குள் இறக்கிப் பார்த்தாள். வயிறு இரண்டு சாண் பருத்திருந்தது. பிசின் இறுகாத இடம் ஒன்று எங்கோ இருந்து, அதற்குள் உப்புத்தண்ணீர் புகுந்தால், ஃபைபர் உடம்பு கொப்புளம்போல இப்படித்தான் ஊதும், ஊதி ஊதி ஒருநாள் வெடிக்கும், வெடித்தால் ஸ்டெல்லா அவ்வளவுதான். ஊர் பழையபடி லாரித் தண்ணீருக்கு நிற்கும். இத்தனை வயதுக்கு அவள் செய்த உருப்படியான காரியம் இது ஒன்று, அதுவும் போகும். இருப்பது கொப்புளமா பிள்ளையா என்று தெரிய வேண்டுமானால் வெட்டிப் பார்க்க வேண்டும். பிள்ளையாக இருந்துவிட்டால், வெட்டிய கை யாருடையதாக இருக்கும்? அவள் தலைமை அலுவலகத்துக்கு, நடுவுடம்பு பருத்திருக்கிறது, கவனித்து வருகிறேன் என்று எழுதிப் போட்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதில் அவளுக்குச் சின்ன ஆறுதல்.

ஏழாம் மாசம் பிறந்ததும் வளைகாப்பு வைத்தார்கள். படகுகளைக் கால்வாயில் வட்டமாக நிறுத்தி, சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்களை நைலான் கயிற்றில் கோத்து, கஸ்பார் முங்கிப்போய் அவள் கழுத்திலும் இடுப்பிலும் சுற்றிவிட்டு வந்தார்; புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் தேங்காய்ச்சோறும் தயிர்ச்சோறும் அண்டா அண்டாவாகப் படகில் வந்தன, ஒவ்வொன்றிலும் முதல் கவளம் கடலுக்குப் போயிற்று, பெண்கள் குலவையிட்டார்கள், குலவைச் சத்தத்துக்குத் தீவில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தன. குழல்வாய்மொழியைத் தாயின் இடத்தில், கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின்மேல் உட்கார வைத்து, இரண்டு கன்னத்திலும் சந்தனத்தைப் பூசியிருந்தார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியிலும் முழங்காலிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

வளையல் போட்ட பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயாக வேண்டும். தாய்வீடு எது என்பதில் தகராறு வந்தது.

"எங்க பட்டறைதான் தாய்வீடு," என்றார் சிலுவை. "எங்க அச்சுல பெறந்தவ."

"அச்சுல வார்த்தா ஆசுபத்திரி ஆச்சு. ஆசுபத்திரி தாய்வீடாகுமாவே?" என்றார் கஸ்பார். "சாயல் யாருது? திமிங்கிலத்துது. நடுக்கடலுக்குத்தான் கொண்டுபோய் விடணும்."

"திமிங்கிலம் செத்துப்போச்சு. செத்தவ வீட்டுக்கா புள்ளத்தாச்சியை அனுப்புவ?" என்று ரெஜினாள் புருஷனை அடக்கினாள். "பெத்தவ இன்னா உக்காந்திருக்காளே, கண்ணு தெரியலியா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குழல்வாய்மொழி சந்தனம் காய்ந்து இழுக்கிற கன்னத்தோடு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு மாடியில ஒரு ரூம்தான் இருக்கு," என்றாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஊர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. இடத்துக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, உப்பளத்துப் பால்துரை, பாத்திகளுக்குக் கடல்தண்ணீர் ஏற்றித் தேக்கும் தன்னுடைய பெரிய குளத்தைத் தருகிறேன் என்றார். மதகைத் திறந்தால் கடல், மூடினால் வீடு. அடுத்த பௌர்ணமி ஏற்றத்தில், கடல் பொங்கி உப்பளத்தின் வாசல்வரை வந்து நின்ற நேரத்தில், ஊரிலுள்ள அத்தனை வள்ளங்களும் கயிறு பிடித்து, ஒரு குலுக்கல் இல்லாமல், வளையல் ஒன்றுகூட உடையாமல் ஸ்டெல்லாவை இழுத்துக் கொண்டுவந்து குளத்தில் விட்டன. மதகை மூடினார்கள். அவள் இறக்கைகளைப் பரப்பிக்கொண்டு, வயிறு பாதி வெளியே தெரிய, அசையாமல் கிடந்தாள்.

அவள் இல்லாத ஊர், மருமகள் பிரசவத்துக்குப் போன வீடு மாதிரி ஆயிற்று. பழைய மின்கம்பியில் வருகிற மங்கலான வெளிச்சத்தில் துணியை அடையாளம் தெரியாமல் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டு போனான். லாரித் தண்ணீர் வந்தது, குடங்கள் வரிசையாக நின்றன, சண்டைகள் விட்ட இடத்திலிருந்து தொடங்கின. முணுமுணுத்த ஆண்களைப் பெண்கள், "ரெண்டு மூணு மாசம் பொறுக்க மாட்டியளோ? நான் எங்க அம்மை வீட்டுக்குப் போனப்ப வெந்நீர் வைக்கத் தெரியாம நின்ன ஆளுதான நீரு?" என்று கேட்டு உட்கார வைத்தார்கள். சாயங்காலமானால் ஆளுக்கொரு பண்டத்தோடு குளத்தங்கரைக்கு நடந்தார்கள். குழல்வாய்மொழியும் மாடி அறையைப் பூட்டிவிட்டு, உப்பளத்து ஓலைக்கொட்டகைக்கே பாயைக் கொண்டுவந்துவிட்டாள். காலையிலும் மாலையிலும் வயிற்றைச் சுற்றி நாடா பிடித்து அளந்தாள். அது கூடிக்கொண்டே வந்தது. கூடுகிற ஒவ்வொரு விரலுக்கும் அவள் பயமும் ஒரு விரல் கூடியது.

பத்தாம் மாசம் வந்தது. வந்து, போயும் விட்டது.

அமலோற்பவம் முதலில் சுக்குக் கஷாயம் கொடுக்கச் சொன்னாள். அண்டாவில் காய்ச்சிக் குளத்தில் ஊற்றினார்கள். பிறகு விளக்கெண்ணெய், குளத்தின்மேல் எண்ணெய் வானவில்லாகப் படர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஸ்டெல்லாவைக் கயிற்றைக் கட்டிக் குளத்துக்குள்ளேயே காலையும் மாலையும் மெல்ல நடக்கவும் விட்டார்கள். அமலோற்பவத்துக்கு முகம் செத்துவிட்டது. "நாள் தாண்டிட்டு," என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ரகோத்தமன் என்கிற அதிகாரி, கிரேன் லாரியும் வெட்டும் ஆட்களுமாக வந்து இறங்கினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார், கரையில் வைத்திருந்த மாங்காய்த் துண்டுகளைப் பார்த்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன முறை?" என்று ரெஜினாள் கேட்டாள்.

"நான் ஹெட் ஆபீஸ்மா."

"அப்ப இரும்பும் கம்பியும் வாங்கிக் குடுத்தது நீங்கதான?"

"நாங்கதான்."

"சீர் செஞ்சவருன்னா தாய்மாமன். ஏல, மாமாவுக்கு நாற்காலி போடுங்கல."

ரகோத்தமன் உட்காரவில்லை. கெட்ட மனுஷன் இல்லை அவர், குழல்வாய்மொழியைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, "மேடம், உங்களுக்கே தெரியும். உள்ளே தண்ணி புகுந்திருக்கு. வெட்டிப் பார்த்தா பழுது எங்கேன்னு தெரிஞ்சுடும், அடுத்ததையாவது சரியா செய்யலாம். இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சுடலாம்," என்றார். அவள் எந்தப் பதிலும் சொல்வதற்குள் கரையிலிருந்து அமலோற்பவம் எழுந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டத்தான் சார் வேணும். ஆபரேசன் பண்ணித்தான் எடுக்கணும். இனியும் விட்டா தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. என் கையை மீறிட்டு."

ஊர் அப்படியே அவள் பக்கம் சாய்ந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகள் இப்போதெல்லாம் பெரிய ஆசுபத்திரியில் வெட்டித்தானே எடுக்கிறார்கள் என்றார் எஸ்தாக்கி. சிலுவை, ஃபைபரை எங்கே வெட்டினால் தையல் நன்றாகப் பிடிக்கும் என்று வெட்டும் ஆட்களுக்குக் காட்டப் போனார். பழுது என்று நினைத்தவரும் பிள்ளை என்று நினைத்தவர்களும் வேறு வேறு வழியாக வந்து ஒரே ரம்பத்தின் முன்னால் நின்றார்கள். கிரேனின் கை குளத்துக்கு மேலே மெல்ல நீண்டது.

குழல்வாய்மொழி செருப்பைக் கழற்றிவிட்டுக் குளத்துக்குள் இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஸ்டெல்லாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். இந்த வளைவு அவள் போட்ட வளைவு, பென்சிலால் போட்டு அழித்துப் போட்ட வளைவு, எந்த இடத்தில் உப்பி எந்த இடத்தில் ஒடுங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். அவள் கை அதன்மேல் போகப் போக, இறக்கையைப் பற்றியே இத்தனை வருஷம் பேசிப் பேசி, இந்த வயிற்றை யாரைப் பார்த்து வரைந்தோம் என்பதை மறந்துபோனது நினைவுக்கு வந்தது. உள்ளே எதுவோ அவள் உள்ளங்கையைத் தட்டியது. கொப்புளத்துக்குள் இருக்கும் தண்ணீரும் தட்டும். அவளுக்கு அதுவும் தெரியும்.

"வெட்டாதீங்க," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. கிரேன் சத்தம்.

"வெட்டாதீங்க!"

கிரேன் நின்றது. அந்தக் குரல் அவளுடையது என்று ஊருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"பத்து மாசம் நமக்கு," என்றாள். "இது மனுஷி வயிறு இல்ல. அந்தத் திமிங்கிலத்தோட வயிறு. அதைப் பாத்துத்தான் நான் வரைஞ்சேன். திமிங்கிலத்துக்குப் பத்து மாசம் பத்தாது. வருஷம் திரும்பணும். சோழகம் மறுபடி எழும்பணும்."

அமலோற்பவம் விரலை மடக்கினாள், நிமிர்த்தினாள், மறுபடி மடக்கினாள். "அப்ப நாள் தாண்டலியா?" என்றாள். "இன்னும் நாளே ஆகலியா?" என்றாள். பிறகு அப்படியே வரப்பில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கவும் அழவும் தொடங்கினாள்.

"ஏட்டி அமலி, மனுசக் கணக்குல எண்ணி ஊரையே கதிகலங்க வச்சுட்டியே. விளக்கெண்ணெய் வேற ஊத்திட்டோம், பாவி," என்றார் எஸ்தாக்கி. ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் சிரித்த சத்தம் கேட்டது.

ரகோத்தமன் மட்டும் வரப்பின் ஓரத்துக்கு வந்து குனிந்தார். "மேடம், நீங்க நினைக்கிறது தப்பா இருந்தா?"

"வெடிச்சுடும்."

"ஊருக்குத் தண்ணி?"

"இருக்காது. எனக்கும் அதுக்கப்புறம் ஒண்ணும் இருக்காது." ஸ்டெல்லாவின் வயிற்றில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. "ஆனா வெட்டணும்னா என்னைத்தான் கேக்கணும். நான் இவளோட அம்மா. நான் வேண்டாங்கறேன்."

ரகோத்தமன் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அமலோற்பவத்தின் ஸ்டெதஸ்கோப்பை வாங்கி ஸ்டெல்லாவின் வயிற்றில் வைத்தார். நெடுநேரம் கேட்டார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க," என்று மட்டும் சொன்னார். "ரெண்டு பேர் பிறந்தப்பவும் நான் வெளியூர்ல இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தேன்." பிறகு கிரேன்காரனைப் பார்த்துக் கையை ஆட்டி, லாரியைத் திருப்பச் சொன்னார். அவர் திரும்பிப் போகவில்லை. பால்துரையின் கொட்டகையில் இன்னொரு பாய் விரிந்தது.

சோழகம் எழும்பியது. வலை உலர்த்தும் கயிறுகள் விம்மின, உப்புக் குவியல்களின்மேல் போட்ட ஓலை படபடத்தது, கடல் நிறம் மாறியது. அந்த மாசத்துப் பௌர்ணமியன்று நல்ல வெயிலில், உச்சிப்பொழுதில் ஸ்டெல்லாவுக்கு வலி கண்டது. ஒரு சொட்டு நீவாடும் இல்லாத குளத்தில் அவள் இறக்கைகள் தாமாகவே அசைந்தன, ஒரு பக்கம் ஒரு சுற்று, மறு பக்கம் ஒரு சுற்று, சுற்றச் சுற்றக் கண்ணாடி வளையல்கள் கலகலத்தன, குளத்துத் தண்ணீர் நுரைத்து வெள்ளையாயிற்று. ஆண்பிள்ளைகள் வரப்புக்கு அந்தப்பக்கம் முதுகைக் காட்டி நின்றார்கள். பெண்கள் சேலையால் மறைப்புக் கட்டினார்கள். அமலோற்பவம் மார்பளவு தண்ணீரில் நின்று கையை உள்ளே விட்டவள், "ஐயோ, காலு முன்னால வருது!" என்று கத்தினாள். "அதுங்களுக்கு அப்படித்தான், வரட்டும், வரட்டும்," என்றாள் குழல்வாய்மொழி.

வந்தது. விரித்த குடை அளவு இருந்தது. மூன்று சின்ன இறக்கை, இறக்கையின் விளிம்பில் மொச்சைக் கொட்டை மொச்சைக் கொட்டையாக முண்டுகள், அவள் அளந்து அச்சில் எடுக்காத, யாரும் வரையாத முண்டுகள். ஸ்டெல்லா தன் பெரிய இறக்கையை அதன் அடியில் கொடுத்து, கடலில் தாய்த்திமிங்கிலம் தூக்குவதுபோல அதை மேல்மட்டத்துக்குத் தூக்கினாள். தூக்கியவள் களைத்து நின்றாள். குட்டி தண்ணீரின்மேல் கிடந்தது.

அசையவில்லை.

அமலோற்பவம் அதைத் தலைகீழாகத் திருப்பினாள், முதுகில் தட்டினாள், நுரையைத் துடைத்தாள். அசையவில்லை. குலவையிட நாக்கை மடித்த பெண்கள் மடித்தபடியே நின்றார்கள். வரப்புக்கு அந்தப்பக்கமிருந்து எஸ்தாக்கி, "என்ன, சத்தத்தையே காணும்?" என்றார்.

குழல்வாய்மொழி குட்டியைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள். எத்தனை அமைதியான தண்ணீர். "மதகு!" என்றாள். "மதகைத் திறங்க! இதுக்கு மூச்சு காத்து இல்ல, ஓட்டம். ஓடுற தண்ணி வேணும்!"

வெளியே பௌர்ணமி ஏற்றம் முட்டிக்கொண்டு நின்றது. அந்த நேரம் மதகைத் திறந்தால் குளம் நிரம்பி வழிந்து, வாரத் தயாராகக் கிடக்கும் பாத்தி உப்பெல்லாம் கரைந்துவிடும். பால்துரை வேட்டியை மடித்துக் கட்டுகிற நேரம்தான் யோசித்தார். பிறகு அவரே ஓடிப்போய்ப் பலகையைப் பிடித்துத் தூக்கினார், கஸ்பாரும் சிலுவையும் ரகோத்தமனும் கூடச் சேர்ந்து பிடித்தார்கள், கடல் ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்தது. குழல்வாய்மொழி குட்டியை இரண்டு கையிலும் ஏந்தி அந்தப் பாய்ச்சலுக்கு முகம் பார்க்கப் பிடித்தாள். தண்ணீர் அதன் முண்டுகளுக்கு நடுவே சந்து சந்தாகப் புகுந்தது. ஓர் இறக்கை நடுங்கியது. நின்றது. பிறகு கால் சுற்று, அரைச் சுற்று, தயங்கித் தயங்கி ஒரு முழுச் சுற்று, அப்புறம் அவள் கைகளை உதறிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றியது. அமலோற்பவம் ஆசையில் ஒரு விரலால் தொட்டவள், "அம்மாடி!" என்று கையை இழுத்து உதறினாள்.

"என்ன? என்ன?" என்றார்கள் வரப்பில் இருந்தவர்கள்.

"ஷாக் அடிச்சுட்டு!" என்று கத்தினாள் அவள், விரலை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணீர் ஒழுகச் சிரித்தபடி. "சுள்ளுன்னு அடிச்சுட்டு! உயிரு இருக்கு! நல்ல உயிரு!"

குலவை எழுந்தது. உப்பெல்லாம் கரைந்து ஓடுகிற பாத்திகளின் மேல் அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது, தொழிலாளிகளும் கூலிப்பெண்களும் மூட்டை தைப்பவர்களும் ஓடிவந்தார்கள், பங்குச்சாமி செருப்பில்லாமல் வந்தார், ஆளாளுக்கு ஒரு விரலை நீட்டி ஒரு ஷாக் வாங்கிக்கொண்டு, ஆசீர்வாதம் வாங்கியவர்கள்போலத் திரும்பினார்கள். பால்துரை தொடையளவு தண்ணீரில் நின்று, கரைந்துபோன உப்பைப் பார்த்துவிட்டு, மருமகன் இத்தனை சீக்கிரம் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாரே என்று கடலைப் பற்றிச் சொன்னார்.

ரகோத்தமன் நனைந்த சட்டையோடு வரப்பில் நின்று தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். "சார், வந்து... தாயும் சேயும் நலம்," என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். ரகோத்தமன் போனைக் கையால் பொத்திக்கொண்டு குளத்தைப் பார்த்தார்.

"மேடம், எடை எவ்வளவுன்னு கேக்கறாங்க."

குழல்வாய்மொழி தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மாட்டியிருந்த அளவு நாடா எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை, தேடவும் இல்லை. ஸ்டெல்லாவின் இறக்கைக்கு அடியில், தாய் சுற்றுகிற பக்கமாகவே குட்டியும் சுற்றிச் சுற்றி, படபடப்பு அடங்கி மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லுங்க," என்றாள். "இப்பத் தூங்கட்டும்."